குளிர்காலக் கல்யாணமும் வட்டைக்குள் கிடக்கும் காசும்



இந்த டிசம்பரில் மட்டும் எங்கள் வீட்டு மேசையில் ஏழு கல்யாண காட் வந்து கிடக்கிறது. வெளியே மாரி மழை விடாமல் கொட்டுகிறது. "இந்த மழைக்குள்ள ஏன் சேர் எல்லாரும் கல்யாணம் வெக்காங்க?" என்று எட்டாந் தரப் பிள்ளை ஒருவன் கேட்டான். வகுப்பில் அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே கொஞ்சம் ஆறுதலாக எழுதுகிறேன்.

குளிர்காலக் கல்யாணம் என்றதும் பலருக்கு நினைவு வருவது படங்களில் வரும் வெண்பனியும் வெள்ளை உடுப்பும்தான். ஆனால் குளிர் நாடுகளின் பழைய கிராமங்களில் பனிக்கு ஆசைப்பட்டு யாரும் கல்யாணம் முடிக்கவில்லை. வயலில் வேலை குறைவு, களஞ்சியத்தில் தானியம் இருக்கிறது, குளிருக்கு முன் அறுத்து உப்பிட்ட இறைச்சியும் இருக்கிறது. கணக்கு அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் கல்யாணம், ஞானஸ்நானம், அடக்கம் மூன்றையும் ஒவ்வொரு தேவாலயமும் பதிய வேண்டும் என்று 1538 இல் உத்தரவு வந்தது. ஆன் குஸ்மால் என்ற வரலாற்றாசிரியர் அந்தப் பதிவேடுகளில் கல்யாணம் நடந்த மாதங்களை எண்ணிப் பார்த்து 1990 இல் ஒரு நூல் வெளியிட்டார். தானியம் விளைந்த ஊர்களில் அறுவடை முடிந்த இலையுதிர் காலத்தில் கல்யாணம் கூடுகிறது. ஆடு மாடு வளர்த்த ஊர்களில் குட்டி போடும் காலம் கழிந்த பிறகு கூடுகிறது. ஓர் ஊரின் காவின் புத்தகத்தைப் பார்த்தே அந்த ஊரார் என்ன தொழில் செய்தார்கள் என்று சொல்லிவிடலாம்!

அயர்லாந்துக் கதை இன்னும் சுவையானது. கத்தோலிக்கர்களுக்கு கிறிஸ்மஸுக்கு முந்திய திருவருகைக் காலத்திலும், ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்திலும் கல்யாண விழா அந்தக் காலத்தில் கூடாது. 1563 இல் ட்ரெண்ட் நகரில் கூடிய பெருஞ்சங்கமும் இதை உறுதிப்படுத்தியது. ஜனவரி 6 கழிந்தால் தவக்காலம் தொடங்கும் வரை சில கிழமைகள் கிடைக்கும். கடுங்குளிர்தான். ஆனால் தரகர் வீடு வீடாக ஏறி இறங்கி சீதனமும் காணியும் பேச நேரம் இருக்கிறது (நம்மூர்க் கதை போல இல்லையா?). தவக்காலத்துக்கு முந்திய கடைசிச் செவ்வாய்க்கிழமை ஊரெல்லாம் கல்யாணம். அன்றைக்கும் முடிக்காதவர்களை ஊர் சும்மா விடாது. அடுத்த ஞாயிறு தேவாலயத்துக்குப் போகும்போது முதுகில் வெண்கட்டியால் கீறிவிடுவார்கள். தெற்கே கோர்க், கெரிப் பக்கங்களில் இன்னொரு கேலி. கடலுக்குள் இருக்கும் ஸ்கெலிக் பாறைத் தீவில் தவக்காலம் பிந்தித்தான் தொடங்குகிறதாம், அங்கே போய் முடியுங்கள் என்று, தனியாள்களின் பெயர்களைச் சோடி சேர்த்துப் பாட்டுக் கட்டிப் பரப்புவார்கள். சிரிப்பாகத்தான் இருக்கிறது. காணி கைக்கு வராமல் காத்திருந்த மகனுக்கும், சீதனம் சேராத மகளுக்கும் அந்த வெண்கட்டிக் கோடு எப்படி இருந்திருக்கும்?

இனி எங்கள் பக்கம். கிழக்கில் பெரும்போகம் ஒக்டோபர், நவம்பரில் விதைத்து பெப்ரவரி, மார்ச்சில் வெட்டுவது. மூத்தம்மாவிடம் கேட்டால் அந்தக் காலக் கல்யாணங்களைத் திகதியால் சொல்லமாட்டா. "சூடு அடிச்சி முடிஞ்ச கையோட" என்றுதான் சொல்லுவா. வீடு கொடுப்பது பெண் வீட்டார். நெல்லு வந்தால்தான் அந்த வீட்டுக்குக் கூரை. ஸபர் மாதம் கூடாது என்று ஒதுக்கியவர்களும் இருந்தார்கள், அறியாமைக் கால அறபிகள் ஷவ்வாலை ஒதுக்கியது போல. தமது நிக்காஹ் ஷவ்வாலில்தான் நடந்தது என்று சொல்லி ஆயிஷா நாயகி (ரழி) அந்த நம்பிக்கையை உடைத்தார்கள். ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிட சுமார் 11 நாள் குறைவு. ஸபர் ஒரு காலம் மாரியில் வரும், பல வருடம் கழித்துக் கோடையில் வரும். நெல்லு பிறை பார்த்து விளைவதில்லை.

இப்போது கல்யாணம் டிசம்பருக்கு வந்துவிட்டது. பாடசாலை விடுமுறை, வெளிநாட்டிலிருக்கும் மாமா மச்சான்மாரின் லீவு. மாப்பிள்ளையே கட்டாரிலிருந்து வருபவர் என்றால் பேச்சே இல்லை. குடும்பம் ஒன்றுகூடுவதற்கு நான் எதிரி இல்லை. ஆனால் டிசம்பரில் வயல்காரனிடம் என்ன இருக்கிறது? விதை, பசளை, களைஎண்ணெய், உழவுக்கூலி எல்லாம் வட்டைக்குள் இறங்கிவிட்டது. ஒரு சதமும் திரும்பவில்லை. ஐரோப்பியக் கிராமத்தான் களஞ்சியம் நிறைந்த பிறகு வைத்த கல்யாணத்தை, நாம் களஞ்சியம் காலியான நேரத்தில் வைக்கிறோம்.

போன டிசம்பரில் என்னிடம் படிக்கும் பிள்ளையின் ராத்தாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு முப்பது நாள் லீவு. வாப்பா மூன்று ஏக்கர் செய்கிறவர். பச்சையாக நின்ற வேளாண்மையைக் காட்டி, வெட்டும்போது தருவதாகச் சொல்லி, விலை குறைத்து நெல்லுக்கு முற்காசு வாங்கினார். நிக்காஹ் அன்று பந்தலுக்குள் முழங்கால் மட்டும் தண்ணி. சஹனைத் தூக்கிக்கொண்டு பள்ளிவாசல் மாடிக்கு ஓடினோம். அதைச் சொல்லி இன்னும் சிரிக்கிறார்கள்.

மார்ச்சில் வெட்டு மெஷின் நின்ற இடத்தில் அவரைக் கண்டேன். மூட்டைகள் எல்லாம் லொறியில் ஏறிக்கொண்டிருந்தன. "சாப்பாட்டுக்கு நெல்லு எடுத்தீங்களா காக்கா?" என்றேன்.

"ரெண்டு மூட்டைக்குக் கேட்டிருக்கன் சேர், தருவாங்க."

இப்போது இரண்டாவது மகளுக்கும் பேச்சு நடக்கிறது. மார்ச் மட்டும் பொறுக்கச் சொல்லி மாப்பிள்ளை வீட்டாரிடம் கேட்டிருக்கிறாராம். இன்னும் பதில் வரவில்லை.