பழைய மோட்டார் சைக்கிளும் பொருளாதார வரலாறும்: கண்டிப் பிரதேசத்தை மையமாகக் கொண்ட ஒரு நோக்கு

வரலாறு என்றவுடன் மன்னர்களின் போர்களும் ஒப்பந்தங்களும் ஆட்சி மாற்றங்களுமே எமது நினைவுக்கு வருகின்றன. மனிதர் நாள்தோறும் கையாளும் கருவிகளும் வரலாற்றுச் சான்றுகளே என்பது எளிதில் மறக்கப்பட்டுவிடுகின்றது. கண்டி, கட்டுகஸ்தோட்டை, பேராதனை, கம்பளை ஆகிய இடங்களிலே பழைய வீடுகளின் தாழ்வாரங்களிலும் கராச்சுகளின் பின்புறங்களிலும் பல்லாண்டுகளாக ஓடாது நிற்கும் மோட்டார் சைக்கிள்கள் இன்றும் உள்ளன. அவற்றுள் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கி, பகுதி பகுதியாகத் திருத்தி, மீண்டும் தெருவில் ஓடவைக்கலாமா என எண்ணும் இளைஞன், தனது பணத்தையும் ஆசையையும் மாத்திரமே நிறுத்துப் பார்ப்பதாகக் கருதுகின்றான். ஆயின் அவனுடைய கேள்விக்கான விடையின் பெரும்பகுதி, அவன் பிறப்பதற்கு முன்னரே இந்நாட்டின் இறக்குமதிக் கொள்கையினால் தீர்மானிக்கப்பட்டுவிட்டது. அதனை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், குன்றுகளாற் சூழப்பட்டுள்ளது. 1815ஆம் ஆண்டில் கண்டி இராச்சியத்தைக் கைப்பற்றிய பிரித்தானியர், அதனைத் தம் பிடிக்குள் வைத்திருக்கும் பொருட்டுக் கடுகண்ணாவைக் கணவாயை ஊடறுத்துக் கொழும்புப் பாதையை அமைத்தனர். 1867ஆம் ஆண்டில் புகையிரதம் கண்டியை வந்தடைந்தது. அதே ஆண்டில் யேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையிலே தேயிலையைப் பயிரிட்டார். தேயிலை பரவப் பரவத் தோட்டப் பாதைகளும் பரவின. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வந்து சேர்ந்த மோட்டார் சைக்கிள், செங்குத்தான இப்பாதைகளுக்கு ஏற்ற வாகனமாயிற்று. தோட்டத்துச் சின்னத்துரைமார் அதிலே ஏறி மலைக்கு மலை சென்று வேலையை மேற்பார்வை செய்தனர். அப்பாதைகளை வெட்டிய தொழிலாளரோ லயத்திலிருந்து மலைக்கு நடந்தே சென்றனர். ஆகவே மோட்டார் சைக்கிள் இப்பிரதேசத்திற்கு ஓர் அதிகாரச் சின்னமாகவே முதலில் வந்தது எனலாம்.

எனினும் இயந்திரத்தை ஓட்டியவரும் அதனைத் திருத்தியவரும் வெவ்வேறு வர்க்கத்தினர் என்பது நோக்கற்பாலது. தோட்டப் பொருளாதாரம் மலையகத்தில் ஒரு பொறியியற் பண்பாட்டையும் தோற்றுவித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே யோன் வோக்கர் என்பவர் கண்டியில் தொடங்கிய பொறியியல் நிறுவனம், கோப்பித் தோட்டங்களுக்கான இயந்திரங்களை வழங்கிற்று. பின்னர் தேயிலைத் தொழிற்சாலைகளில் உருட்டும் இயந்திரங்களையும் உலர்த்திகளையும் எஞ்சின்களையும் இயக்கவும் திருத்தவும் ஆட்கள் தேவைப்பட்டனர். நூல்களிலிருந்து அன்றி, கைப்பழக்கத்தின் வழியாக இரும்பை அறிந்த ஒரு தொழிலாளர் கூட்டம் இவ்வாறு உருவாயிற்று.

இரண்டாம் உலக யுத்தம் அடுத்த கட்டத்தைத் தொடக்கிற்று. 1944ஆம் ஆண்டில் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியத் தலைமையகம் பேராதனைப் பூங்காவிற்கு இடம்மாறியது. அக்காலப் பிரித்தானியப் படைகளிற் செய்தி காவிச் சென்றோர் பயன்படுத்திய பீ.எஸ்.ஏ. எம்.20 என்னும் மோட்டார் சைக்கிள், யுத்த காலத்தில் மாத்திரம் ஏறத்தாழ 126,000 எண்ணிக்கையில் உற்பத்தி செய்யப்பட்டது. யுத்தம் முடிந்தபின் இத்தகைய வாகனங்கள் பேரரசின் பல பாகங்களிலும் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. 1948ஆம் ஆண்டில் அதே நிறுவனம் பாண்டம் என்னும் சிறிய வண்டியை வெளியிட்டது. அதன் வடிவமைப்பு, தோல்வியுற்ற ஜேர்மனியிடமிருந்து யுத்த இழப்பீடாகப் பெறப்பட்டதாகும். 1951இல் இலங்கையில் மோட்டார் போக்குவரத்துச் சட்டம் நிறைவேற்றப்பட்டபோது, தெருக்களில் ஓடிய மோட்டார் சைக்கிள்களுட் பெரும்பாலானவை பிரித்தானியாவிற் செய்யப்பட்டவையே.

சுதந்திரத்தின் பின்னரும் இந்நிலை சிறிது காலம் நீடித்தது. கொரிய யுத்தத்தினால் 1950-51இல் ஏற்பட்ட ஏற்றுமதிச் செழிப்பு மறைந்தபின், அந்நியச் செலாவணி கரையத் தொடங்கியது. 1960-61இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுக்கப்பட்டன. 1968ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்நியச் செலாவணி உரிமைச் சான்றிதழ் முறை அறிமுகமாயிற்று. அரிசி, மா, மருந்து போன்ற அத்தியாவசியப் பொருள்களை உத்தியோக விகிதத்திற் பெறலாம். ஏனையவற்றுக்கு மேலதிகமாக 44 சதவீதம் செலுத்த வேண்டும். இம்மேலதிகம் 1972இல் 65 சதவீதமாக உயர்ந்தது. 1969ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இவ்வமைப்புக்கு நிலையான சட்ட வடிவம் தந்தது. 1973இல் மசகெண்ணெய் விலையும் ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று.

புதிய வண்டி எட்டாக்கனியாகிய அக்காலத்தில், பழைய வண்டியைத் திருத்துவது பொழுதுபோக்காக இருக்கவில்லை. வேறு வழியே இருக்கவில்லை. தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கிச் சற்றுப் பெரிய பிஸ்டனை இடுவர். அதற்கும் மேலே கடைய இடமில்லாவிடின் உள்ளே புதிய இரும்புறை ஒன்றை இறுக்குவர். ஒரு வண்டியின் பாகத்தை மற்றொன்றிற்கு இசைவாக்குவர். முழு எஞ்சினையே மாற்றிப் பொருத்துவதும் உண்டு. கட்டுப்பாட்டுப் பொருளாதாரத்தின் இன்னல்களை எழுதியோர் கூப்பன் அரிசியையும் வரிசைகளையும் பதிவு செய்தனர். லேத் இயந்திரத்தின் முன்னே நின்றவர்களின் அறிவைப் பதிவு செய்தோர் மிகச் சிலரே.

இவ்வண்டிகள் மற்றொரு வரலாற்றையும் தம் முகத்திலே தாங்கியுள்ளன. 1957ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அதுவரை ஆங்கில எழுத்துகள் இருந்த வாகன இலக்கத் தகடுகளிலே சிங்கள 'ஸ்ரீ' எழுத்து புகுத்தப்பட்டது. தமிழரசுக் கட்சியினர் தமிழ் எழுத்தைப் பொறித்து அதனை எதிர்த்தனர். 1957 யூலையில் பண்டாரநாயக்கா – செல்வநாயகம் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 1958இன் முற்பகுதியில் சிங்கள ஸ்ரீ பொறித்த அரச பேருந்துகள் யாழ்ப்பாணத்திற்கு அனுப்பப்பட்டபோது போராட்டம் மீண்டும் எழுந்தது. வடக்கில் அவ்வெழுத்தின்மீது தார் பூசப்பட்டது; தெற்கிலே தமிழ்ப் பெயர்ப்பலகைகள்மீது தார் பூசப்பட்டது. ஏப்பிரல் 9ஆம் திகதி ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதத்தில் வன்செயல்கள் வெடித்தன. அவ்வெழுத்தைத் தாங்கிய பழைய வண்டியை இன்று வாங்குபவன், அறிந்தோ அறியாமலோ இந்த அத்தியாயத்தையும் வீட்டுக்குக் கொண்டு வருகின்றான்.

1977ஆம் ஆண்டின் பின் திறந்த பொருளாதாரக் கொள்கை நடைமுறைக்கு வந்ததும் யப்பானிய வண்டிகள் பெருகின. ஹொண்டா நிறுவனத்தின் சீ.டீ.125, யப்பானிய அஞ்சற் சேவைக்கென வடிவமைக்கப்பட்ட எம்.டீ.90 ஆகியன மலைநாட்டிலும் பெயர் பெற்றன. அதற்கு முன்னரே பீ.எஸ்.ஏ. நிறுவனம் வீழ்ந்து, 1973இல் வேறொரு நிறுவனத்துடன் இணைக்கப்பட்டிருந்தது. தாய் நிறுவனம் மறைந்ததும் இங்கிருந்த பிரித்தானிய வண்டிகள் அநாதைகளாயின. அவற்றின் ஆணிகள் வேறு அளவுமுறையைச் சேர்ந்தவை. அவற்றுக்கென வேறு ஸ்பானர்கள் வேண்டும். இதற்கு மாறானது றோயல் என்பீல்ட் வண்டியின் கதை. 1955இல் சென்னையில் அதன் உற்பத்தி தொடங்கப்பட்டிருந்தது. இங்கிலாந்திலிருந்த தொழிற்சாலை மூடப்பட்ட பின்னரும் திருவொற்றியூரிலே அதே அமைப்புடைய புல்லட் வண்டி பல தசாப்தங்கள் உற்பத்தியாயிற்று. எனவே ஓர் இயந்திரத்தின் ஆயுளை அதன் வயது தீர்மானிப்பதில்லை. அதன் பாகத்தை எவரேனும் இன்னும் செய்கின்றனரா என்பதே தீர்மானிக்கின்றது.

இறக்குமதி தடைப்படும்போது பழைய இயந்திரம் எத்தகைய பொருளாகின்றது என்பதற்கு யாழ்ப்பாணக் குடாநாடு மிகக் கடுமையான உதாரணத்தைத் தந்தது. 1990களின் முற்பகுதியிற் பொருளாதாரத் தடையினால் பெற்றோல் கிடைக்காதபோது, சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்டினர். குளிர்ந்த நிலையில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. அதனாலேயே முதலிற் பெற்றோல் வேண்டியிருந்தது. அமுக்க விகிதம் குறைந்த பழைய எஞ்சின்கள் இவ்வெரிபொருளை ஓரளவு தாங்கின. ஒஸ்ரின், மொரிஸ் மைனர் முதலிய பழைய கார்கள் அங்கு நெடுங்காலம் உயிர்வாழ்ந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

அத்தகைய பற்றாக்குறை, வேறு காரணத்தால், முழு நாட்டையும் பின்னர் சூழ்ந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 ஏப்பிரலில் வெளிநாட்டுக் கடன் மீளச் செலுத்துவது இடைநிறுத்தப்பட்டது. ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை உயர்ந்தது. அவ்வாண்டு எரிபொருட் பங்கீடு தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்திற்கு 4 லீற்றரே கிடைத்தது. புதிய வண்டி வராத ஐந்து ஆண்டுகளில் பாவித்த வண்டிகளின் விலை ஏறிற்று. கைவிடப்பட்டவை மீண்டும் தேடப்பட்டன. 2025 பெப்ரவரியில் இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டது. 1977இல் எழுந்த அதே கேள்வி, புதியது கிடைக்கும்போது பழையதை எதற்காகத் திருத்த வேண்டும் என்ற கேள்வி, மறுபடியும் எழுந்துள்ளது.

இவ்வரலாற்றின் ஒளியில் நோக்குமிடத்து, வாங்க எண்ணுபவன் மூன்று விடயங்களைப் பரிசீலித்தல் அவசியமாகும். முதலாவது, பதிவுப் புத்தகம். வண்டியின் அடிச்சட்ட இலக்கமும் எஞ்சின் இலக்கமும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவுடன் பொருந்த வேண்டும். பற்றாக்குறைக் காலத்தில் எஞ்சின் மாற்றப்பட்டு அது பதியப்படாதிருப்பின், அன்றைய சமயோசிதம் இன்றைய சட்டச் சிக்கலாகும். திகதியிடாது கையொப்பமிட்ட படிவங்களுடன் கைமாறிக் கைமாறி வந்த வண்டியில், பதிவிலுள்ள உரிமையாளர் உயிருடன் உள்ளாரா என்பதே தெரியாதிருக்கும். புத்தகம் இல்லாத வண்டி எவ்வளவு மலிவாயினும் அது வெறும் இரும்பே.

இரண்டாவது, உதிரிப்பாகம். கொழும்புப் பஞ்சிகாவத்தையில் கிடைப்பவை எவை, இந்தியாவிலிருந்து தருவிக்க வேண்டியவை எவை, லேத்தில் கடைய வேண்டியவை எவை என வண்டியை வாங்கமுன் பட்டியலிடுதல் வேண்டும். சிலிண்டர் முன்னர் எத்தனை முறை கடையப்பட்டது என்பதையும் விசாரித்தறிதல் வேண்டும். திருத்தச் செலவு வாங்கிய விலையை விஞ்சுவது அரிதன்று. இப்பிரதேசத்தின் நிலமும் ஒரு பரீட்சகரே: பேராதனை வீதியிலே நன்கு ஓடும் வண்டி ஹந்தானை ஏற்றத்தில் கிளச் வழுக்கி நிற்கலாம், கடுகண்ணாவை இறக்கத்திலே பழைய டிரம் பிறேக் சூடேறிப் பிடி தளரலாம். இரு பருவக் காற்றுகளாலும் மழை பெறும் இந்நிலத்தில், மூடிவைத்த வண்டியின் அடிச்சட்டத்தைத் துரு உள்ளிருந்தே அரித்திருக்கலாம்.

மூன்றாவது, கை. இதுவே மிக முக்கியமானதும் எளிதிற் கவனிக்கப்படாததுமாகும். அந்த எஞ்சினைத் திறந்து மூடத் தெரிந்த ஒருவர் அண்மையில் உள்ளாரா? அவர் தமது வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்கவும் கற்கவும் இடமளிப்பாரா? இவ்வினாக்களுக்கு ஆம் என்ற விடை கிடைப்பின், சற்றுக் கூடுதலான செலவும் வீண்போவதில்லை. இல்லையெனில், நல்ல வண்டியும் ஈராண்டு கழியுமுன் மீண்டும் தாழ்வாரத்திற்கே திரும்பும்.

பழைய வண்டிகளைப் போற்றுவது வசதி படைத்தோரின் ஏக்கம் என்று கூறுவோரும் உளர். மெருகூட்டிக் காட்சிக்கு வைப்போரைப் பொறுத்தவரை அக்கூற்று பொருந்தலாம். ஆனால் பேருந்து செல்லாத தோட்டப் பாதையில் வேலைக்குச் செல்லும் இளைஞனுக்குத் திருத்திய பழைய வண்டி ஒரு காட்சிப்பொருளன்று. ஒரு காலத்திலே துரையை மாத்திரம் சுமந்த வாகனம், லயத்துப் பிள்ளையின் கைக்கு வந்ததும் ஒரு சமூக மாற்றமே. அம்மாற்றத்தைச் சாத்தியமாக்கியோரில் பெயர் குறிக்கப்படாத திருத்துநர்களும் அடங்குவர்.

அவர்களின் அறிவு எந்த ஆவணக் காப்பகத்திலும் இல்லை. இறக்குமதி திறந்திருக்கும் வேளையில் அதனை நாடுவோர் குறைவர். கற்க வரும் மாணவரும் குறைவர். ஆனால் 1961இலும் 2020இலும் மூடிய கதவு மீண்டும் மூடாது என எவரும் உறுதி கூறமுடியாது. எனவே பழைய வண்டியொன்றை வாங்கும் இளைஞன், திருத்துநரிடம் விலையை மாத்திரம் கேட்காமல், அப்பாகத்தை அவர் யாரிடம், எந்த ஆண்டில், எதற்காகச் செய்யக் கற்றார் என்பதையும் கேட்டெழுதுவானாயின், மலையகத்தின் தொழில்நுட்ப வரலாற்றை எழுதும் பணி அந்தக் கராச்சிலிருந்தே தொடங்கிவிடும்.