கலம் செலுத்திய கைகள் எங்கே?

காவிரி கொணர்ந்த வண்டலைப் போற்றாத புலவரில்லை. அக்காவிரி கலந்த கடலின்மீது கலம் செலுத்திய மனிதனைத் தேடிய வரலாற்றாசிரியரோ மிகச் சிலர். அவன் நம் மூதாதை. அவனைத் தேடுவது நம் கடமை.

வெண்ணிப் போரில் கரிகாலன் வென்றான். அவ்வூர்ப் பெண்பாற் புலவர் வெண்ணிக் குயத்தியார், காற்றின் இயல்பறிந்து கடலில் கலமோட்டியவன் வழிவந்தவனே என்று அவனை விளித்தார். விளித்துவிட்டு, வென்ற உன்னினும் தோற்று வடக்கிருந்த சேரனே நல்லன் என்றார். மட்கலம் வனையும் குடியிற் பிறந்த மங்கைக்குக் காற்றின் அறிவியலும் தெரிந்திருந்தது; மன்னனை எதிர்த்து உரைக்கும் மனத்திண்மையும் இருந்தது! ஆனால் அவரும் அரசனின் முன்னோனையே கூறினார். பாய் விரித்தவன் யார்? சுக்கான் பிடித்தவன் யார்?

1025-இல் இராசேந்திரன் கடாரம் வென்றான் எனத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு முழங்குகிறது. நாகப்பட்டினத்தில் கடாரத்து மன்னன் எழுப்பிய புத்த விகாரைக்கு, 1006-இல் இராசராசன் ஆனைமங்கலத்தை அளித்த செய்தியைச் செப்பேடு செப்புகிறது. ஆண்டு வருவாய் 8,943 கலம் நெல்லென்று நாழிக் கணக்குவரை அதில் உண்டு. நெல்லுக்குக் கணக்கெழுதிய நாடு, கடலில் உயிரைப் பணயம் வைத்தவனுக்கு ஏடு திறந்ததா?

அவன் பட்ட பாட்டை மணிமேகலை ஓரளவு காட்டுகிறது. புகார் வணிகன் சாதுவனின் கலம் புயலில் உடைந்தது. ஒடிந்த பாய்மரத்தைப் பற்றி நாகர் மலையில் கரையேறினான். அவனைக் காத்தது மந்திரமன்று. நாகர் மொழியை அவன் கற்றிருந்த அறிவே!

இத்தகைய துணிவுக்குச் சாத்திரம் தந்த பரிசென்ன? கடற்செலவைச் சாதியிழக்கச் செய்யும் குற்றமென்றது போதாயன தரும சூத்திரம். கடலோடிய பார்ப்பனனைச் சிராத்த விருந்துக்கு அழைக்காதே என்றது மனுநூல். அலையோடு போராடியவன் தீட்டுடையவன். அவன் கொணர்ந்த பொன்னுக்கு மட்டும் தீட்டில்லை! என்னே நீதி!

ஏடு மறந்தவனை ஓடு மறக்கவில்லை, தோழர்களே! எகிப்தின் செங்கடல் துறையான குசேர் அல்-கதீமில் கிடைத்த பானையோடுகளில் கணன், சாதன் என்ற பெயர்கள் தமிழ் எழுத்தில் உள்ளன. தாய்லாந்தில் பெரும்பதன் என்னும் பொற்கொல்லரின் உரைகல் கிடைத்தது. சுமத்திராவின் பாரூசில் ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் 1088-இல் நாட்டிய தமிழ்க் கல்வெட்டு, கலத்தின் தலைவனும் கலத்தோரும் கத்தூரி விலையை அளவாகக் கொண்டு பொன்னாய்க் கட்டணம் செலுத்த வேண்டுமென்கிறது. தலைவனோடு தொழிலாளியையும் கணக்கிற் சேர்த்த கல் அது. காற்றுத் திரும்பும்வரை திங்கட் கணக்கில் அயல்துறையில் காத்துக் கிடந்த மனிதர்களின் சுவடுகள் இவை.

ஆகவே இளைஞர்களுக்கு ஒன்று சொல்வோம். மன்னர் பெருமை பேசியது போதும். பூம்புகாரிலும் தரங்கம்பாடியிலும் நாகையிலும் பாய்க்கலம் அறிந்த குடும்பங்களின் வழிவந்தோர் வாழ்கின்றனர். அவர்களிடம் செல்லுங்கள். காற்றுக்கும் கயிற்றுக்கும் பாட்டன் வழங்கிய பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். அவை அழியுமுன் எழுதப்படுமானால், பெயரில்லாதவனாக்கப்பட்ட உழைப்பாளி தன் வரலாற்றில் தன் இடத்தைப் பெறுவான்.