சுழலும் பூமி இழுக்கும் வெளி

1918ஆம் ஆண்டின் தொடக்கத்திலே வியன்னா நகரம் பசியால் வாடிக்கொண்டிருந்தது. போர் நான்காவது ஆண்டிலும் ஓயவில்லை. மாப் பங்கீட்டைப் பாதியாகக் குறைத்ததைக் கண்டித்து, ஜனவரி மாதத்தில் ஆஸ்திரியத் தொழிலாளர் ஆலைகளை விட்டு வெளியேறினர். ஆண்டு முடியுமுன் ஹப்ஸ்பர்க் சாம்ராஜ்யமே இல்லாதொழிந்தது. அந்த ஆண்டிலேதான் ஹான்ஸ் திர்ரிங் என்னும் வியன்னாப் பௌதிக அறிஞரும், ஜோசப் லென்சே என்னும் கணித அறிஞரும் சேர்ந்து எழுதிய கட்டுரையொன்று வெளியாயிற்று. அது கூறிய செய்தி ஒன்றே: சுழலும் பொருள், தன்னைச் சூழ்ந்துள்ள வெளியையும் தன்னோடு சிறிது இழுத்துச் செல்லும்.

இதன் பின்னே நீண்டதொரு வழக்கு உண்டு. வெளி என்பது எதனாலும் அசையாத மேடை, பொருள்கள் அதன்மேல் ஆடும் நடிகர்கள் என்றார் நியூற்றன். சுழலும் வாளியில் நீர் விளிம்பை நோக்கி ஏறுவதை அவர் அதற்குச் சான்றாகக் காட்டினார். 1883இல் ஏர்ன்ஸ்ட் மாக் இதனை மறுத்தார். எதனைக் குறித்து வாளி சுழல்கிறது? தூரத்து விண்மீன்களைக் குறித்தன்றோ? அவற்றை நீக்கிவிட்டால் சுழற்சி என்ற சொல்லுக்கே பொருளில்லை என்றார் அவர். மாக்கின் தத்துவத்தை லெனின் 1909இல் கடுமையாகச் சாடினார் என்பதை நம் வாசகர் பலர் அறிவர். அச்சாடலில் நியாயம் உண்டு. ஆயினும், தவறான தத்துவத்தைக் கைக்கொண்டவரும் சரியான கேள்வியைக் கேட்கக்கூடும். ஐன்ஸ்ரைனின் பொதுச் சார்புக் கொள்கை 1915இல் தந்த விடை, மாக் விரும்பிய அளவுக்குச் செல்லவில்லை. நியூற்றனின் அசையா மேடையையோ அது விட்டுவைக்கவில்லை. கொதிக்கும் பாணியில் அகப்பையைச் சுழற்றினால் அருகிலுள்ள பாணியும் உடன் திரும்புவதைப் போல, பூமி சுழலும்போது அருகிலுள்ள வெளியும் திரும்புகிறது.

எவ்வளவு திரும்புகிறது? இங்கேதான் இடர்ப்பாடு. கோள்களினதும் அவற்றின் சந்திரர்களினதும் பாதைகளில் இவ்விளைவை இருவரும் கணக்கிட்டனர். அக்காலக் கருவிகளுக்கு அது எட்டக்கூடியதாக இல்லை. கட்டுரை நூலகத்தில் உறங்கியது.

அதனை எழுப்பியது 1957இல் ஏவப்பட்ட ஸ்புட்னிக். செய்மதிகளைக் கொண்டு சார்புக் கொள்கையைச் சோதிக்கலாமெனச் சோவியத் அறிஞர் கின்ஸ்பர்க் எழுதினார். அமெரிக்காவில் 1959இல், பென்ரகனின் ஆயுத மதிப்பீட்டுக் குழுவொன்றில் பணியாற்றிய ஜோர்ஜ் பியூ, செய்மதிக்குள் பம்பரமொன்றை வைத்து அளக்கலாமென்று குறிப்பு வரைந்தார். ஸ்ரான்போட் சர்வகலாசாலையின் லெனாட் ஷிவ்வும் அதே எண்ணத்தைத் தாமாகவே எய்தினார். அதிலிருந்து பிறந்ததே 'கிராவிற்றி புரோப் பி'. விண்மீனொன்றை நோக்கி நிறுத்திய பம்பரம், ஆண்டுக்கு 39 மில்லிவிகலை மட்டும் பக்கத்தே திரும்ப வேண்டும். ஒரு பாகையில் 3600 விகலை. விகலையின் ஆயிரத்திலொன்று மில்லிவிகலை. தலைமயிரொன்றின் தடிப்பை 400 மீற்றருக்கு அப்பால் நின்று நோக்கினால் தோன்றும் கோணம் ஏறத்தாழ அவ்வளவே. இதற்கென 38 மில்லிமீற்றர் விட்டமுள்ள படிகக்கல் உருண்டைகளை, உலகில் அதுவரை எவரும் செய்யாத செம்மையோடு உருட்டினார்கள். செய்மதி புறப்பட்டது 2004இல். ஷிவ் 1971இலேயே மறைந்துவிட்டார்.

இதற்கிடையில் மற்றொரு கதை நடந்தது. எமக்கு அதுவே கூடிய சுவை தருவது. 1976 மே மாதத்தில் நாசா 'லாஜியோஸ்' என்னும் பந்தொன்றை ஏவியது. 60 சென்ரிமீற்றர் விட்டம். மேலெல்லாம் 426 பிரதிபலிப்பான்கள். யந்திரமோ மின்கலமோ எதுவுமில்லை. பல நாட்டு நிலையங்கள் அதன்மீது லேசர் ஒளியை எறிந்து, திரும்பும் நேரத்தைக் கணித்தன. நிலத்தட்டுகளின் நகர்வை அளப்பதே அதன் வேலை. ஐன்ஸ்ரைனைச் சோதிப்பதற்கு அது செய்யப்படவில்லை. அப்பந்து ஏவப்படுவதற்குச் சில கிழமைகள் முன்னரே திர்ரிங் காலமானார். சமாதானவாதியான அவரை 1938இல் நாஜிகள் பதவியிலிருந்து நீக்கினர். 1963இல் ஆஸ்திரியா தன் படையைக் கலைக்க வேண்டுமென்று திட்டம் வரைந்தவரும் அவரே.

லாஜியோஸின் பாதைத் தளத்தை வெளியின் இழுப்பு ஆண்டுக்கு 31 மில்லிவிகலை, அதாவது ஏறக்குறைய 2 மீற்றர் நகர்த்துகிறது. ஆனால் பூமி சரியான உருண்டையன்று, நடுவில் புடைத்தது. அப்புடைப்பு அதே தளத்தை ஆண்டுக்கு 126 பாகை திருப்பிவிடுகிறது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட மடங்கு பெரிய இரைச்சலுக்குள் மெல்லிய குரலைக் கேட்பது எங்ஙனம்? இத்தாலியரான இன்யாசியோ சியுபொலினி 1986இல் வழி கூறினார். லாஜியோஸின் சாய்வு ஏறத்தாழ 110 பாகை. 70 பாகைச் சாய்வில் இன்னொரு பந்தை விட்டால், புடைப்பு ஒன்றைக் கிழக்கேயும் மற்றதை அதே அளவு மேற்கேயும் திருப்பும். சுழற்சியின் இழுப்போ இரண்டையும் கிழக்கேதான் தள்ளும். கூட்டினால் புடைப்பின் விளைவு அழியும், இழுப்பு எஞ்சும். பள்ளி மாணவரும் விளங்கிக்கொள்ளக்கூடிய கணக்கு! ஆயின் அந்தப் பந்துக்கு அப்போது பணம் கிடைக்கவில்லை. 1992இல் ஏவப்பட்ட இரண்டாவது லாஜியோஸ் வேறொரு சாய்வில் சென்றது.

உதவி எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. நிலத்தடி நீரும் பனிப்பாறைகளும் குறைவதையும் கூடுவதையும் அறிய, 2002இல் ஜேர்மனியும் அமெரிக்காவும் 'கிரேஸ்' என்னும் இரட்டைச் செய்மதிகளை ஏவின. அவை பூமியின் ஈர்ப்பை நுணுகி வரைந்தன. அவ்வரைபடத்தைக் கொண்டு புடைப்பின் விளைவைக் கழித்து, 2004இல் சியுபொலினியும் பவ்லிசும் முடிவை வெளியிட்டனர்: கொள்கை கூறியதில் நூற்றுக்கு 99 பங்கு, பிழை நூற்றுக்கு 5 முதல் 10. அப்பிழை மதிப்பு மிகச் சிறிதென்று மறுத்தோர் உண்டு. அவ்வாதம் நீண்ட காலம் நடந்தது, நடந்ததும் நன்றே.

75 கோடி டொலர் விழுங்கிய புரோப் பி யின் முடிவு 2011இல்தான் வந்தது. உருண்டைகளின் மேற்பரப்பில் திட்டுத்திட்டாகத் தேங்கிய மின்னேற்றம் கணக்கைக் குழப்பியிருந்தது. 2008இல் நாசா பணத்தை நிறுத்தவே, கடைசிப் பகுதிக்குச் சவூதி அரேபியாவின் விஞ்ஞான நிறுவனமொன்று கைகொடுத்தது. கிடைத்த விடை 37.2 மில்லிவிகலை; பிழை 7.2. அவ்வுழைப்பைப் பழிப்பது எமது நோக்கமன்று. ஈர்ப்பினால் வெளி வளைவதை அதே கருவி மிகத் திருத்தமாக அளந்தது. ஆனாலும் தனி நாடொன்று பெருஞ்செலவில் அமைத்த யந்திரத்துக்கு முன்பே, பல நாடுகளும் பகிர்ந்து நோக்கிய ஊமைப் பந்துகள் பேசிவிட்டன என்பதை மறைப்பதற்கில்லை.

2012இல் தங்குதன் உலோகத்தாலான 'லாறெஸ்' என்னும் பந்தை இத்தாலி அனுப்பியது. 36 சென்ரிமீற்றர் விட்டத்துக்குள் ஏறத்தாழ 390 கிலோ எடை. 2022 ஜூலை 13ஆந் திகதி இரண்டாவது லாறெஸ் ஏறியது. அதன் சாய்வு 70 பாகை: 36 ஆண்டுகளுக்கு முன்னர் பணமில்லையென்று தள்ளி வைக்கப்பட்ட அதே கோணம்.