1934: சித்ரோயன் நிறுவனத்தின் வீழ்ச்சியும் முன்சில்லு இயக்கக் காரும்

பிரெஞ்சுக் கைத்தொழில் வரலாற்றிலே 1934ஆம் ஆண்டு இரு நிகழ்ச்சிகளால் நினைவுகூரப்படுகின்றது. அவ்வாண்டு ஏப்பிரல் 18ஆந் திகதி சித்ரோயன் நிறுவனம் தனது முன்சில்லு இயக்கக் காரைப் பகிரங்கமாக வெளியிட்டது. திசெம்பர் 21ஆந் திகதி அதே நிறுவனம் நீதிமன்ற மேற்பார்வையிலான கலைப்பு நடவடிக்கைக்கு உள்ளாயிற்று. இவ்விரண்டையும் காரண காரியமாகத் தொடுத்துக் கூறுவது பொது வழக்கு. அளவிறந்த ஆசை கொண்ட ஒருவர் புதுமையான காரொன்றைச் செய்யப் புகுந்து பொருளிழந்தார் என்பர். சூதாட்ட மேசையில் அவர் காட்டிய துணிவையும் சான்றாகச் சுட்டுவர். தனிமனிதர் ஒருவரின் குணவியல்பைக் கொண்டு பெருநிறுவனமொன்றின் வீழ்ச்சியை விளக்க முற்படும் இந்நோக்கு போதியதன்று.

ஆந்திரே சித்ரோயன் 1878இல் பாரிஸில் பிறந்தவர். பற்சக்கர உற்பத்தியில் தொடங்கி, முதலாம் உலகப் போரின்போது சேன் நதிக்கரையிலுள்ள ஜவெல் என்னுமிடத்தில் எறிகணைத் தொழிற்சாலை நிறுவினார். போர் முடிந்ததும், 1919இல், அதே தொழிற்சாலையிற் போர்ட் முறையைத் தழுவிய கார் உற்பத்தி ஆரம்பமாயிற்று. 1929இல் ஆண்டுற்பத்தி ஓரிலட்சத்தைத் தாண்டியது. 1925 முதல் 1934 வரை ஈபெல் கோபுரத்தில் அவரது பெயர் மின்விளக்குகளால் ஒளிர்ந்தது. இவ்விளம்பரத்தை வெறும் ஊதாரித்தனம் என ஒதுக்குதல் பொருந்தாது. பேரளவு உற்பத்திக்குப் பேரளவு சந்தை வேண்டும் என்பதை ஐரோப்பாவில் முதலில் உணர்ந்தோருள் அவர் ஒருவர். ஆனால் இவ்வளர்ச்சி பெரிதும் கடனாற் கட்டப்பட்டது. பொருளாதார மந்தம் பிரான்சைத் தாக்கிய பின்னரும் 1933இல் ஜவெல் தொழிற்சாலையை அவர் திருத்தியமைத்தார். புதிய காரின் ஆக்கமும் அதே வேளையில் நடைபெற்றது.

அக்காரை உருவாக்கும் பொறுப்பு, 1933இல் நிறுவனத்திற் சேர்ந்த பொறியியலாளர் ஆந்திரே லெபேவ்ரிடம் ஒப்படைக்கப்பட்டது. சிற்பியான பிளமினியோ பெர்ட்டோனி அதன் உருவத்தை வடித்தார். தனியான அடிச்சட்டம் இன்றி உடலே பாரத்தைத் தாங்கும் அமைப்பு, முன்சில்லு இயக்கம், முறுக்குத்தண்டுத் தொங்கல், நீரியல் தடுப்பு ஆகியன அதிலே ஒருங்கே அமைந்தன. இவை ஒவ்வொன்றும் பிறவிடங்களில் முன்னரே அறியப்பட்டவைதாம். பெருந்தொகையாகச் செய்து விற்கும் காரொன்றில் அனைத்தையும் இணைத்தமையே புதுமை. பின்சில்லுகளுக்குச் செல்லும் நீள்தண்டு இல்லாமையால் தளம் தாழ்ந்தது; வளைவுகளில் கார் நிலத்தைப் பற்றிக்கொண்டு ஓடிற்று.

எனினும் கார் முதிருமுன் சந்தைக்கு வந்தது. திட்டமிடப்பட்டிருந்த தன்னியக்கப் பற்சக்கரப் பெட்டி பயன்படாதெனக் கண்டு, இறுதி வேளையில் மூன்று வேகப் பெட்டியொன்று அவசரமாக அமைக்கப்பட்டது. முதற் கார்களில் இயக்கத்தண்டு மூட்டுகள் பழுதுற்றன. உடலில் வெடிப்புகள் தோன்றின. 1303 கன சென்ரிமீற்றர் என்ஜின் போதாதெனப்பட்டு அவ்வாண்டிலேயே மாற்றப்பட்டது. ஒற்றோபரிற் பாரிஸ் கண்காட்சியில் வைக்கப்பட்ட எட்டு உருளைக் கார் விற்பனைக்கு வரவேயில்லை. இங்கேதான் வழமையான விளக்கம் தலைகீழாகின்றது. கடன்கொடுத்தோரைச் சமாளிக்க உடனடி வருவாய் தேவைப்பட்டமையாற் சோதனை முற்றுப்பெறாத கார் வெளியிடப்பட்டது. அதாவது, கார் கடனை விளைவித்தது என்பதிலும் கடன் காரைக் கெடுத்தது என்பதே பொருந்தும்.

கடன்கொடுத்தோருள் முதன்மையானது ரயர் உற்பத்தி நிறுவனமான மிஷெலின். நிருவாகம் அதன் கைக்கு மாறிற்று. பியர் மிஷெலினும் பியர் பூலான்ஜேயும் பொறுப்பேற்றனர். சிக்கனமும் ஆட்குறைப்பும் தொடர்ந்தன. ஆண்டவர் கடனுக்குத் தொழிலாளரும் விலை கொடுக்க நேர்ந்தது. நோயுற்றிருந்த சித்ரோயன் 1935 யூலை 3ஆந் திகதி காலமானார்.

புதிய நிருவாகத்தினர் செலவைக் கண்டிப்பாகக் கணக்கிட்டவர்கள். வீழ்ச்சிக்குக் காரே காரணமாயின் அவர்கள் அதனை முதலிற் கைவிட்டிருப்பர். மாறாக, குறைகளை ஒவ்வொன்றாகத் திருத்தி உற்பத்தியைத் தொடர்ந்தனர். போர்க்கால இடைவெளியொன்று நீங்கலாக அது 1957 வரை நீடித்தது. ஏறத்தாழ 7,60,000 கார்கள் வெளிவந்தன. லெபேவ்ரும் பெர்ட்டோனியும் விலக்கப்படவில்லை. பூலான்ஜேயின் வழிகாட்டலில் நாட்டுப்புறத்தாருக்கென அவர்கள் ஆக்கிய மலிவான சிறு கார், 1948ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியிற் காட்சிக்கு வைக்கப்பட்டது. அதுவும் முன்சில்லுகளால் இயங்குவதே.