கூலி கேட்ட கதாநாயகி

கலைஞன் வறுமையில் வாடினால் உலகம் இரங்கும். இறந்த பிறகு சிலைகூட வைக்கும். ஆனால் அதே கலைஞன் உயிரோடிருக்கும்போது, "எனக்கு என்ன சம்பளம்? பக்கத்தில் நிற்பவருக்கு என்ன சம்பளம்?" என்று கணக்குக் கேட்டுவிட்டால் அதே உலகம் முகத்தைச் சுளிக்கும். கேட்பவர் பெண்ணாகவும் இருந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். பேனா பிடித்துப் பிழைக்கிற எனக்கு இந்த முகச்சுளிப்பு ஓரளவு பழக்கமானதுதான். அதனாலோ என்னவோ, டயானா ரிக் என்ற ஆங்கில நடிகையின் வரலாற்றைப் படித்தபோது, அவர் போட்ட வேஷங்களையெல்லாம்விட அவர் கேட்ட ஒரு கேள்விதான் என் மனத்தில் தைத்து நின்றது.

1938-ம் ஆண்டு ஜூலை 20-ந் தேதி, யார்க்ஷயரில் டான்காஸ்டர் என்ற ஊரில் அவர் பிறந்தார். தகப்பனார் ரயில்வே என்ஜினீயர். பிக்கானீர் சமஸ்தானத்து ரயில்வேயில் உத்தியோகம். ஆகவே இரண்டு மாதக் குழந்தையாகவே டயானா இந்தியாவுக்கு வந்துவிட்டார். எட்டு வயது வரையில் ராஜஸ்தானத்து வெயிலும் மணலுந்தான் அவருக்கு உலகம். ஹிந்தி சரளமாகப் பேசினார். பிறகு இங்கிலாந்தில் ஒரு விடுதிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தக் குளிரும் கண்டிப்பும் குழந்தைக்கு ஒட்டவேயில்லை. ஆனாலும், தன் குணத்தை வார்த்தது இந்தியாவைவிட யார்க்ஷயர்தான் என்று பிற்காலத்தில் அவர் எண்ணினார். யார்க்ஷயர்க்காரர்கள் மனத்தில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள் என்று இங்கிலாந்தில் பிரசித்தம்.

1955-ல் லண்டனில் ராயல் நாடகக் கலைக் கழகத்தில் சேர்ந்தார். 1957-ல் மேடை ஏறினார். 1959-ல் ஷேக்ஸ்பியர் பிறந்த ஊரான ஸ்ட்ராட்போர்டில் நாடகக் குழுவில் இடம் கிடைத்தது. பீட்டர் புரூக் 1962-ல் 'லியர் மன்னன்' நாடகத்தைத் தயாரித்தபோது, பால் ஸ்கோபீல்டு கிழ மன்னனாக நடிக்க, கடைசி மகள் கார்டீலியாவாக டயானா நடித்தார். அக்காமார் இருவரும் தகப்பனை வானளாவப் புகழ்ந்து ராஜ்யத்தை வாங்கிக்கொள்ள, உள்ளதை உள்ளபடி சொல்லி எல்லாவற்றையும் இழந்தவள் கார்டீலியா. அந்த வேஷம் அவருக்குப் பொருந்தியதில் ஆச்சரியமில்லை.

நாடகக் குழுவில் கௌரவம் இருந்தது, பணம் இல்லை. டெலிவிஷன் அழைத்தது. 'அவெஞ்சர்ஸ்' என்ற துப்பறியும் தொடர் 1961 முதல் நடந்துகொண்டிருந்தது. உருண்டைத் தொப்பியும் மடக்கிய குடையுமாகப் பாட்ரிக் மக்னீ அதில் நாயகன். அவருக்கு ஜோடியாக இருந்த ஹானர் பிளாக்மன், ஜேம்ஸ் பாண்டு படத்தில் நடிக்கப் போய்விட்டார். அடுத்து வந்த நடிகையைப் படப்பிடிப்பின் நடுவிலேயே அனுப்பிவிட்டார்கள். அதன்பின் வந்தவர்தான் டயானா ரிக். பாத்திரத்தின் பெயர் எம்மா பீல். அந்தப் பெயர் பிறந்த கதை வேடிக்கையானது. ஆண்களைக் கவரும் அம்சம் வேண்டும் என்பதை அந்த ஆசாமிகள் ஆங்கிலத்தில் 'மேன் அப்பீல்' என்று சொல்லி, அதையே சுருக்கி 'எம். அப்பீல்' ஆக்கி, வாய்க்கு இதமாக 'எம்மா பீல்' என்று பெயராக்கிவிட்டார்கள்!

ஆனால் 1965-ல் டெலிவிஷன் பெட்டியில் வந்து நின்றவள் வெறும் கவர்ச்சிப் பதுமை அல்லள். அவள் விஞ்ஞானம் படித்தவள். தன் காரைத் தானே ஓட்டுவாள். முரடர்களைத் தானே அடித்து வீழ்த்துவாள். அபாயம் வந்தால் நாயகன் வந்து மீட்கட்டும் என்று மூலையில் நின்று அலறமாட்டாள். பல சமயங்களில் நாயகனை அவளே மீட்பாள். இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு அவள் பேச்சுத்தான். 1966-ல் அமெரிக்காவிலும் தொடர் ஒளிபரப்பாகி, அங்கேயும் கொடி நாட்டியது. பள்ளிக்கூடப் பையன்கள் எழுதிய காதல் கடிதங்களுக்கு டயானாவின் தாயார் உட்கார்ந்து பதில் எழுதினாராம். என் மகள் உனக்கு ரொம்ப மூத்தவள் அப்பா என்பதுதான் அந்தப் பதில்களின் சாரம்.

இத்தனை புகழுக்கும் நடுவில்தான் அந்த விஷயம் தெரிய வந்தது. தன்னைப் படம் பிடிக்கும் காமிராக்காரரின் சம்பளத்தைவிடத் தன் சம்பளம் குறைவு! உலகம் பார்ப்பது எந்த முகத்தையோ, அந்த முகத்துக்கு உரியவளுக்குக் கொடுப்பது குறைவு. டயானா பட முதலாளிகளிடம் போய்க் கேட்டார். கொடுக்காவிட்டால் விலகிவிடுவேன் என்றார்.

பத்திரிகைகள் அவரைப் பணப்பேய் என்கிற மாதிரி சித்திரித்தன. அது பெரிதல்ல, பத்திரிகைகளின் சுபாவம் அது. ஆனால் அந்தத் தொழிலில் இருந்த ஒரு பெண்கூடத் தனக்காக வாய் திறக்கவில்லை என்று அவர் பல ஆண்டுகளுக்குப் பிறகு சொன்னார். கூட நடித்த மக்னீயை அவர் பெரிதும் நேசித்தார், அவரும் பேசவில்லை. இதைப் படித்து மக்னீயின் மேல் கோபப்படத் தோன்றும். கொஞ்சம் யோசித்தால் நம்மில் எத்தனை பேர் மக்னீக்கள் என்று தெரியும். பக்கத்து நாற்காலிக்காரரின் நியாயத்தை மனத்துக்குள் ஒப்புக்கொண்டு, வெளியில் காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருப்பவர்கள்தாமே நாம்?

கடைசியில் முதலாளிகள் இறங்கி வந்தார்கள். சம்பளம் உயர்ந்தது. மேலும் ஒரு வரிசைக் கதைகளில் நடித்துவிட்டு, மொத்தம் 51 கதைகளோடு டயானா விலகிக்கொண்டார்.

இங்கே காலத்தைக் கவனிக்க வேண்டும். 1968-ல் டாகன்ஹாம் போர்டு மோட்டார் தொழிற்சாலையில், கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம வேலைக்குச் சம கூலி என்ற சட்டம் பிரிட்டனில் 1970-ல்தான் நிறைவேறியது; அமுலுக்கு வந்தது 1975 கடைசியில். டயானா கேட்டபோது அவருக்குப் பின்னால் சட்டமும் இல்லை, சங்கமும் இல்லை.

1969-ல் ஜேம்ஸ் பாண்டு படம் ஒன்றில் நடித்தார். பாண்டு முறையாக மணந்துகொள்கிற பெண்ணாக வந்து, கல்யாணத்தன்றே சுடப்பட்டுச் சாகிற வேஷம். அதன்பின் சினிமாவே கதியென்று கிடந்திருக்கலாம். அவரோ நாடக மேடைக்குத் திரும்பினார். 'அபெலார்டும் ஹெலாய்சும்' என்ற நாடகத்தில் ஆடையின்றித் தோன்றும் காட்சி ஒன்று உண்டு. நியூயார்க்கில் ஒரு விமரிசகர் அவர் உடலைக் கட்டடத்தோடு ஒப்பிட்டுக் கேலி செய்து எழுதினார். வேறொருவராயிருந்தால் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருப்பார். டயானா என்ன செய்தார் தெரியுமா? சக நடிகர்களுக்கெல்லாம் கடிதம் எழுதி, உங்களைப் பற்றி வந்த மிக மோசமான விமரிசனத்தை அனுப்புங்கள் என்று கேட்டார். வந்து குவிந்தவற்றைத் திரட்டி, 1982-ல் புத்தகமாகவே வெளியிட்டுவிட்டார்! தன்னைக் கேலி செய்த விமரிசனத்தையும் அதில் சேர்த்திருந்தார்.

அழகை மட்டும் நம்பிய நடிகைக்கு நாற்பது வயதில் திரை விழுந்துவிடும். இவருக்கோ அதற்கு மேல்தான் பெரிய வேஷங்கள் வந்தன. 'தாயன்பு' என்ற பி.பி.சி. தொடரில் மகன் மேல் வெறிகொண்ட தாயாக நடித்து 1990-ல் பாப்டா பரிசு பெற்றார். பெற்ற பிள்ளைகளையே கொல்லும் மெடியாவாக மேடையில் நின்று 1994-ல் டோனி பரிசு பெற்றார். அதே ஆண்டு 'டேம்' பட்டமும் வந்தது. 2013-ல், 74-வது வயதில், 'கேம் ஆப் த்ரோன்ஸ்' தொடரில் நாக்கில் விஷம் தடவிய பாட்டியாக வந்தார். எம்மா பீலைக் கேள்விப்பட்டே இராத பேரப்பிள்ளைகளின் தலைமுறை அந்தப் பாட்டிக்குக் கைதட்டியது.

2017-ல் பி.பி.சி. தன் பெரிய சம்பளக்காரர்களின் பட்டியலை வெளியிட நேர்ந்தது. ஆண்களில் முதலாமவருக்கு ஆண்டுக்கு 22 லட்சம் பவுனுக்கு மேல். பெண்களில் முதலாமவருக்கு 5 லட்சத்துக்குள். ஐம்பது வருஷம் கழித்தும் இதையே பேசிக்கொண்டிருக்கிறோமே என்று டயானா வருத்தப்பட்டதில் நியாயம் இருக்கிறது.

2020 செப்டம்பர் 10-ந் தேதி, 82-வது வயதில் அவர் காலமானார். பத்திரிகைகள் பத்தி பத்தியாகப் புகழ்ந்தன. அந்தப் புகழுரைகளில், சம்பளம் கேட்டுப் போராடிய துணிவும் அவருடைய சாதனைகளில் ஒன்றாக எண்ணப்பட்டிருந்தது. அன்று வசையாக இருந்தது இன்று வாழ்த்தாகிவிட்டது.

இந்த மாறுதலுக்கு அரை நூற்றாண்டு ஆயிற்று. இத்தனைக்கும் அந்தப் பெண் கேட்டது என்ன? காமிராக்காரருக்குக் குறைத்துக் கொடுங்கள் என்று அவர் கேட்கவில்லை. தன் உழைப்பையும் அதே தராசில் நிறுத்துப் பாருங்கள் என்றுதான் கேட்டார்.