சித்ரா பௌர்ணமியும் பெரிய வெள்ளியும்

மதுரையில் சித்திரை என்றால் அழகர்தான். அதே வெயில் காலத்தில் கீழவெளி வீதி மரியன்னை பேராலயப் பக்கம் குருத்தோலையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஒரு பவனி வருமே, அதுவும் உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

இரண்டையும் நடத்துவது நிலாதான். கள்ளழகர் வைகையில் இறங்குவது சித்ரா பௌர்ணமியை ஒட்டி. ஈஸ்டரோ, மார்ச் 21-லோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு. அது முன்கூட்டியே வந்தால் ஒரு மாத இடைவெளி விழும். 2024-இல் ஈஸ்டர் மார்ச் 31. அழகர் இறங்கியது ஏப்ரல் 23. தள்ளி வந்தால் இரண்டுக்கும் ஒரே பௌர்ணமி.

2019-ஐ மறக்க முடியுமா? ஏப்ரல் 18 வியாழன் மீனாட்சி தேரோட்டம், கத்தோலிக்கருக்குப் பெரிய வியாழன், போதாததற்கு நாடாளுமன்றத் தேர்தல்! மதுரைக்கு மட்டும் இரவு 8 மணி வரை வாக்குப்பதிவு. மறுநாள் விடியலில் அழகர் ஆற்றில். மாலையில் கோயில்களில் பெரிய வெள்ளி வழிபாடு. எங்கள் எதிர்வீட்டுக் கத்தோலிக்க அம்மா வழியில் பந்தலில் நீட்டிய பானகத்தை, "இன்னைக்கு ஒருசந்திப்பா" என்று மறுத்தார். பந்தல்காரருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அவர் வீட்டிலும் அதே சொல்தானே.

"அது வெள்ளைக்காரன் பண்டிகை" என்று நடைப்பயிற்சி நண்பர் ஒருவர் சொன்னார். மதம் வெளியிலிருந்து வந்ததுதான். ஆனால் இங்கே பிடிப்பது நம்மூர்க் குருத்தோலை. அதைப் பத்திரமாக வீட்டில் வைத்திருந்து, மறுவருஷம் எரித்த சாம்பலைத்தான் தபசுகாலத் தொடக்கத்தில் நெற்றியில் பூசுவார்கள். அந்த நாளுக்குப் பழைய பெயர் விபூதிப் புதன். இப்போது சாம்பல் புதன் என்கிறார்கள். எனக்குப் பழையதுதான் பிடிக்கிறது.

இந்தக் கலப்பு தானாக வந்துவிடவில்லை. 1606-இல் மதுரை வந்த இத்தாலியர் ராபர்ட் தெ நொபிலி, கிறிஸ்தவத்தை இங்கே 'பரங்கி மார்க்கம்' என்று ஒதுக்குவதைப் பார்த்தார். காவி கட்டினார், மரக்கறி உண்டார், தமிழும் வடமொழியும் கற்றார். இதே ஊரில் முன்பே இருந்த போர்ச்சுகீசிய பாதிரியார் கொன்சாலோ பெர்னாண்டஸ்தான் முதலில் எதிர்த்தவர். வழக்கு ரோம் வரை போய், 1623-இல் போப் பதினைந்தாம் கிரகோரி பூணூல், குடுமி, சந்தனம் எல்லாவற்றுக்கும் அனுமதி தந்தார். சாதியும் அந்த வழியாகவே உள்ளே போனது. அந்த வேதனை பெரிய கதை, தனியாக எழுத வேண்டும்.

திருமலை நாயக்கர் பட்டத்துக்கு வந்ததும் 1623 என்பார்கள். மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி, அழகர் விழாவோடு சேர்த்தவர் அவர் என்பது ஊர் வழக்கு. தெற்கே போனால் மாதா கோயில் திருவிழாவுக்கும் கொடியேற்றம், சப்பரம், தேர்பவனி என்ற பெயர்கள்தான்.

2030-இல் ஈஸ்டர் ஏப்ரல் 21. அந்த வருஷமும் ஒரே நிலாதான். எதிர்வீட்டு அம்மாவிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.