தனி விதிப்புத்தகம் யாருடையது? மகளிர் ஹாக்கி வரலாறு குறித்து மல்லேஸ்வரத்திலிருந்து ஒரு குறிப்பு

ஐஸ் ஹாக்கியில், பக்கைத் தள்ளிச் செல்லும் எதிரணியினரைத் தோளாலோ இடுப்பாலோ மோதி நிலைகுலையச் செய்வதைப் ‘பாடி செக்’ என்பர். ஆடவர் ஆட்டத்தில் அது பயின்று பெறவேண்டிய தற்காப்புத் திறன். மகளிர் ஆட்டத்தில், சர்வதேச ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பின் விதிப்படி, அதே செயல் குற்றம். நடுவர் இரண்டு நிமிடம் வெளியே அமர்த்தலாம். மோதல் கடுமையாயின் ஐந்து நிமிடத் தண்டனையுடன் அந்த ஆட்டத்திலிருந்தே நீக்கலாம். முகம் முழுவதையும் மூடும் காப்பும் மகளிருக்குக் கட்டாயம். வயது வந்த ஆடவருக்கோ கண்ணை மறைக்கும் அரைக் கண்ணாடி போதும்.

இவ்விதி தொன்மையானது என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அதன் வயது நாற்பதுகூட இல்லை. 1990 மார்ச்சில் ஒட்டாவாவில் நடந்த முதல் அதிகாரப்பூர்வ மகளிர் உலகப் போட்டியில் பாடி செக் அனுமதிக்கப்பட்டிருந்தது. எட்டு நாடுகள் ஆடிய அப்போட்டியின் இறுதியாட்டத்தில் கனடா 5–2 என்ற கணக்கில் அமெரிக்காவை வென்றது. (கனடியப் பெண்களுக்கு இளஞ்சிவப்புச் சீருடை அணிவித்து ஆடவிட்டதும் அப்போட்டியில்தான், கூட்டத்தை ஈர்க்க அதுவே வழி என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது.) அதற்குப் பின்னரே தடை வந்தது. வட அமெரிக்க அணிகளுக்கும் ஏனையோருக்கும் இடையே உடல் வலிமையிலும் பயிற்சியிலும் இருந்த பெரும் இடைவெளி காரணமாகக் காட்டப்பட்டது. 1998 நகானோ ஒலிம்பிக்கில் மகளிர் ஐஸ் ஹாக்கி இடம்பெற்றபோது தடை நிலைபெற்றுவிட்டிருந்தது.

காரணம் நேர்மையானதாகவே இருக்கலாம். வரலாற்று மாணவர் கேட்கவேண்டிய கேள்வி வேறு: அம்முடிவை எடுத்த மேசையில் அமர்ந்திருந்தவர் யார்? பாதுகாப்பு என்ற சொல் பெண்கள் விளையாட்டின் வரலாற்றில் இருவகையாகப் புழங்குகிறது. 1927இல் கனடாவின் குவீன்ஸ் பல்கலைக்கழக மகளிர் அணியின் கோல் காப்பாளர் எலிசபெத் கிரஹாம், வாள்வீச்சுக்காரர் அணியும் கம்பி முகமூடியை அணிந்து களமிறங்கினார். கோல் காப்பாளர் ஒருவர் முகமூடி அணிந்ததற்குக் கிடைக்கும் முதற்பதிவு அதுவே. ஆடவர் தொழில்முறை ஆட்டத்தில் ஜாக் பிளாண்ட் 1959இல் முகமூடியை நிலைநிறுத்தும் வரை அதைக் கோழைத்தனமாகக் கருதினோர் பலர். கிரஹாம் தம் முகத்தைத் தாமே காத்துக்கொண்டார். 1990க்குப் பின் வந்த பாதுகாப்போ ஆடவர் நிர்வகித்த ஓர் அமைப்பின் ஆணையாக வந்தது.

இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ள ஐஸை விட்டுப் புல்தரைக்கு வரவேண்டும். பெங்களூரிலிருந்து எழுதும் ஒருவருக்கு அதுவே இயல்பான வழி. 1898 பிளேக்குக்குப் பின் விரிந்த மல்லேஸ்வரம் மைசூர் அரசின் நகரப் பக்கத்தைச் சேர்ந்தது. இங்கு தழைத்தது பேட்மிண்டன்; பிரகாஷ் படுகோன் ஆடிப் பழகிய கனரா யூனியன் கூடம் இவ்வட்டாரத்தில்தான் உள்ளது. ஹாக்கி, தமிழர் இன்றும் ‘தண்டு’ என்று சொல்லும் கண்டோன்மெண்ட் பகுதியின் ஆட்டம். பட்டாளத்தோடும் கான்வென்ட் பள்ளிகளோடும் வளர்ந்தது. இரு பகுதிகளும் ஒரே மாநகராட்சியின் கீழ் வந்தது 1949இல்தான். அதற்குப் பதினோரு ஆண்டுகள் கழித்து, தண்டுப் பகுதியின் குக் டவுனைச் சேர்ந்த எல்வெரா பிரிட்டோவின் தலைமையில் மைசூர் மாநில மகளிர் அணி தன் பெரும் பருவத்தைத் தொடங்கியது. 1960 முதல் 1967 வரையிலான காலத்தில் ஏழு தேசியப் பட்டங்கள். எல்வெரா, ரீட்டா, மே என்னும் மூன்று சகோதரியரும் ஒரே அணியில் ஆடினர். 1965இல் எல்வெராவுக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. ஹாக்கிக்காக அவ்விருது பெற்ற இரண்டாவது பெண் அவர். 1961இல் ஆன் லம்ஸ்டன் பெற்றிருந்தார்.

அவர்கள் ஆடிய காலத்தில் உலக மகளிர் ஹாக்கி, ஆடவர் அமைப்பின் ஆளுகைக்கு உட்பட்டிருக்கவில்லை. இச்செய்தி இன்று ஏறத்தாழ மறக்கப்பட்டுவிட்டது.

1895இல் இங்கிலாந்தின் மகளிர் ஹாக்கிச் சங்கம், ஆடவரின் ஹாக்கிச் சங்கத்தில் இணைய விண்ணப்பித்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மறுக்கப்பட்ட பெண்கள் சற்றும் எதிர்பாராத ஒன்றைச் செய்தனர். தம் சங்கத்தின் நிர்வாகப் பொறுப்புகளைப் பெண்களே வகிக்கவேண்டும் என்று முடிவெடுத்துத் தனித்து இயங்கினர்; 1901இல் தமக்கென ஓர் இதழும் நடத்தத் தொடங்கினர். 1924இல் பாரிசில் ஆடவர் தரப்பில் சர்வதேச ஹாக்கிக் கூட்டமைப்பு தோன்ற, 1927இல் எட்டு நாடுகளின் பெண்கள் சர்வதேச மகளிர் ஹாக்கிச் சங்கங்களின் கூட்டமைப்பைத் தனியே நிறுவினர். விதிகளையும் அவர்களே வகுத்தனர். ஆடவர் விதிகளோடு ஒப்பிட்டால் ஆட்ட நுணுக்கத்தில் வேறுபாடு சிறிதே. நடத்தையில்தான் பெரிய வேறுபாடு: கோப்பை, புள்ளிப் பட்டியல், சாம்பியன் பட்டம் ஆகியவற்றை அவர்கள் நெடுங்காலம் ஐயத்தோடே பார்த்தனர். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு நாட்டில் கூடுவர், மாநாடு நடக்கும், ஆட்டங்களும் நடக்கும், வெற்றியாளர் என்று எவரும் அறிவிக்கப்படார். 1953இல் இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டனில் நடந்த அத்தகைய கூடலில் இந்திய மகளிரும் பங்கேற்றனர்.

தன்னாட்சி என்றதும் அதை விடுதலை என்று மொழிபெயர்த்துவிடும் பழக்கம் நம் துறையில் உண்டு. அச்சங்கத்தின் ஆடை விதியைப் படித்தால் அந்த உற்சாகம் சற்று அடங்கும். பாவாடையின் விளிம்பு சுற்றிலும் தரையிலிருந்து ஆறு அங்குலம் உயர்ந்திருக்கவேண்டும் என்று அளவு வகுத்தவர்கள் பெண்களே. ஓடுவதற்கு வசதி என்பது ஒரு பக்கம். பார்ப்போர் வாய்க்கு இடம் தரக்கூடாது என்ற கவலை மறுபக்கம். கோப்பை மறுப்பிலும் இவ்விரண்டும் கலந்திருந்தன. பணமும் பந்தயமும் ஆட்டத்தைக் கெடுக்கும் என்ற கொள்கையோடு, போட்டி மனப்பான்மை பெண்ணுக்கு அழகன்று என்னும் நடுத்தர வர்க்க நாணமும் அதில் உண்டு.

இந்தியாவில் இந்நடத்தை நெறி வேரூன்றவில்லை. மைசூர் அணியின் புகழே பட்டங்களால் ஆனது. மாநிலங்களுக்கிடையிலான போட்டியும், ரயில்வே முதலிய நிறுவனங்கள் திறமையான ஆட்டக்காரர்களுக்கு அளித்த வேலைவாய்ப்பும், வெற்றி தோல்வி அற்ற நட்பு ஆட்டம் என்ற கருத்துக்கு இடம் தரவில்லை. இதைக் குறையாக நான் கருதவில்லை. சம்பளம் தேவைப்படும் பெண்ணுக்குப் பட்டம் என்பது வெறும் பெருமையாக மட்டும் இருப்பதில்லை. தனி அமைப்பு என்ற மரபை மட்டும் இந்தியப் பெண்கள் உறுதியாகப் பற்றிக்கொண்டனர். 1947இல் தோன்றிய மகளிர் கூட்டமைப்பு ஆடவர் கூட்டமைப்பிலிருந்து விலகியே இயங்கியது.

முடிவு ஒலிம்பிக் வழியாக வந்தது. 1974இல் ஆடவர் தரப்புக் கூட்டமைப்பே பிரான்சில் மகளிர் உலகக் கோப்பையை நடத்தியது. இந்தியா நான்காம் இடம் பெற்றது. மறு ஆண்டே, பட்டம் வேண்டாம் என்றிருந்த மகளிர் கூட்டமைப்பு எடின்பரோவில் தானும் ஓர் உலகப் போட்டியை நடத்தவேண்டியதாயிற்று. 1970-களின் நடுப்பகுதியில் விதிப்புத்தகம் பொதுவாயிற்று. 1980 மாஸ்கோவில் மகளிர் ஹாக்கி முதன்முறையாக ஒலிம்பிக்கில் ஆடப்பட்டது. 1982இல் மகளிர் கூட்டமைப்பு ஆடவர் கூட்டமைப்பில் இணைந்தது. இந்தியாவில் அதே நிகழ்வு கால் நூற்றாண்டு தாமதித்து, 2009இல் ஹாக்கி இந்தியா தோன்றியபோது நிறைவேறியது.

இணைப்பால் பெண்களுக்குக் கிடைத்தது மிகுதி: ஒலிம்பிக், பயிற்சியாளர், செயற்கைத் தளம், ஒளிபரப்பு. இழந்தது விதி வகுக்கும் இடம். 2001இல் எல்ஸ் வான் பிரேடா விரீஸ்மன் சர்வதேச ஹாக்கிக் கூட்டமைப்பின் முதல் பெண் தலைவரானார். முக்கால் நூற்றாண்டுக்கு முன்னரே மகளிர் கூட்டமைப்புக்குப் பெண்கள் தலைமை வகித்திருந்தனர் என்பதை அருகில் வைத்துப் பார்த்தால் அச்செய்தியின் சுவை மாறும்.

ஐஸ் ஹாக்கிக்கு அத்தகைய தனி உலகக் கூட்டமைப்பு இருந்ததில்லை. 1930-களில் பிரஸ்டன் ரிவ்யுலெட்ஸ் போன்ற கனடிய மகளிர் அணிகள் சிறந்து விளங்கியபோதும், போருக்குப் பின் எழுந்த வெற்றிடத்தில் அம்மரபு அறுந்தது. 1950-களில் டொராண்டோவில் அபி ஹாஃப்மன் என்ற சிறுமி தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு பையன்கள் அணியில் ஆடவேண்டியிருந்தது. ஆகவே 1990க்குப் பின் விதி மாறியபோது எதிர்த்துப் பேசவோ, தாமே முன்மொழியவோ ஒரு பெண்கள் அவை இல்லை. 2022–23 பருவத்தில் சுவீடன் மகளிர் லீக் பாடி செக்கை மீண்டும் அனுமதித்தது. 2024இல் தொடங்கிய வட அமெரிக்கத் தொழில்முறை மகளிர் லீக்கும் உடல் மோதலுக்கு முன்பைவிட மிகுதியாக இடம் தருகிறது.

இந்திய மகளிர் அணி இக்கதையில் மிகப் பிந்தி நுழைகிறது. பெரும்பாலும் லடாக் பெண்களைக் கொண்ட அவ்வணி 2016இல் தைவானில் முதன்முறையாகச் சர்வதேசப் போட்டியில் ஆடியது; 2017இல் பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4–3 என வென்றது முதல் வெற்றி; 2025இல் அல் அய்னில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம். உறைந்த குளத்தில் குளிர்காலத்தின் சில வாரங்கள் மட்டுமே பழகிய பெண்களுக்கு, முழு அளவுத் தடுப்புப் பலகைகளின் ஓரம் நிகழும் மோதலைப் பற்றிய விதி முதலில் அயலானதாகவே இருந்திருக்கும். அவர்கள் முதலில் கேட்டதும் ஐஸ்தான், விதித் திருத்தம் அன்று.

எல்வெரா பிரிட்டோ 2022 ஏப்ரலில் காலமானார். அவர் தலைமுறையினர் ஆடிய காலத்து மகளிர் விதிப்புத்தகங்கள், சங்கக் கூட்டக் குறிப்புகள், தண்டுப் பகுதிப் பள்ளிகளின் ஆண்டு மலர்கள் ஆகியவற்றை வீட்டில் வைத்திருப்போர் தெரிவித்தால், மல்லேஸ்வரத்திலிருந்து எந்த நாளும் வந்து பார்க்க ஆயத்தமாக உள்ளேன். பழைய தாள் வாங்குபவருக்கு முன்னால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.